பாட்டில்லாத வளையம் சொல்லும் சாட்சி

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. ஃபிராங்க் வில்சன் பாடிய 'டு ஐ லவ் யூ'. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. கேட்க மட்டும் ஆசை என்றால் பைசா செலவில்லாமல் கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம். தட்டாகவே வேண்டும் என்றாலும் 1979இல் பிரிட்டனில் முறையாக வெளியான பிரதி இருக்கிறது. இந்த விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. கள்ளத்தனமாக அச்சிட்ட பிரதிகளும் உண்டு. எல்லாவற்றிலும் இருப்பது அதே குரல், அதே தாளம்.

அப்படியானால் அந்த ஒரு லட்சம் பவுண்டு பாட்டுக்குக் கொடுத்ததில்லை. இந்தத் துண்டு 1965இல் அந்தப் பாட்டுக்காக முதன்முதலில் வெட்டிய அச்சிலிருந்து இறங்கியது என்ற உறுதிக்குக் கொடுத்தது. சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் அரிய தட்டுகளைச் சேர்ப்பவர்களின் உலகம் முழுக்க இந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. அந்த உறுதியை எப்படிப் பெறுவது? தட்டின் நடுவில் இருக்கும் லேபிள் தாளைப் பார்த்து இல்லை என்பதுதான் முதல் பாடம்.

இந்தச் சந்தை பிறந்த இடம் வட இங்கிலாந்து. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் நகரப் பக்கம் டன்ஸ்டாலில் இருந்த கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, விகன் கசீனோ: இந்த மன்றங்களில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் 60களின் நடுவில் வந்த வேகமான அமெரிக்கக் கறுப்பின நடனப் பாட்டுகளுக்கு இரவெல்லாம் ஆடினார்கள். அமெரிக்க இசை அதற்குள் ஃபங்க் என்ற புதுப் பாணியின் பக்கம் போய்விட்டிருந்தது. லண்டன் கோவன்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்ற கடையை நடத்திய டேவ் காடின், வடக்கிலிருந்து வரும் கால்பந்து ரசிகர்கள் புதுப் பாட்டைத் தொடாமல் பழைய பாணியையே கேட்டு வாங்குவதைக் கவனித்தார். கடைப் பையன்களுக்குப் புரிவதற்காக அவர் வைத்த பெயர்தான் 'நார்தர்ன் சோல்'. 1970இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' இதழில் அவர் எழுதியதும் அது நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு வினோதமான மதிப்பீடு உருவானது. அமெரிக்காவில் வெற்றி பெற்ற பாட்டு எல்லோரிடமும் இருக்கும். அதைப் போட்டால் டிஜேவுக்குப் பெருமையில்லை. தோற்ற பாட்டுதான் புதையல். டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ் என ஒவ்வொரு ஊரிலும் டெட்ராய்டின் பெரிய இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனைப் போல வந்துவிடலாம் என்று நம்பிய குட்டி நிறுவனங்கள் இருந்தன. நிறுவனத்தையும் லேபிள் என்றே சொல்வார்கள். சில நூறு தட்டு அடித்து, உள்ளூர் வானொலிக்குக் கொடுத்து, பாட்டு எடுபடாமல் போனால் மிச்சத்தைக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கிடங்குகளைத் தேடித்தான் இங்கிலாந்து இளைஞர்கள் விமானம் ஏறினார்கள். குளோரியா ஜோன்ஸ் 1965இல் பாடி யாரும் கவனிக்காமல் போன 'டெய்ன்டட் லவ்' பாட்டை ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே 1973இல் அமெரிக்காவிலிருந்து எடுத்துவந்தார். எட்டாண்டு கழித்து வேறொரு குழு அதை மறுபடி பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

ஒரே ஒரு தட்டு, ஆட வரும் கூட்டமோ ஆயிரக்கணக்கில். கள்ளப் பதிப்புக்கு வேறென்ன காரணம் வேண்டும்! போட்டியாளரும், பூட்லெக் எனப்படும் கள்ளப் பதிப்பு அடிப்பவரும் பாட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று டிஜேக்கள் லேபிளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப் பெயர் சூட்டினார்கள். இதைக் 'கவர் அப்' என்பார்கள். ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகளோடு நடன விருந்து நடத்திய சவுண்ட் சிஸ்டம்காரர்கள் லேபிளைச் சுரண்டிவிட்டுப் போட்ட வழக்கத்தின் தம்பி இது. சட்டமும் ஓட்டையாக இருந்தது. அமெரிக்காவில் பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை இருந்தது. பதிவான ஒலிக்கு மத்திய அரசுச் சட்டத்தில் உரிமை கிடைத்தது 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் மாநிலச் சட்டங்களின் கருணையில் கிடந்தன. நார்தர்ன் சோலின் பொன்னான பாட்டுகளில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்கு முந்தையவை.

சேகரிப்பாளர்கள் எல்லாக் கள்ளத் தட்டையும் 'பூட்' என்றே சொல்வார்கள். ஆனால் வகை இரண்டு. ஒன்று, வேறு லேபிளில், சில சமயம் வேறு பெயரில், தான் நகல் என்பதை அதிகம் மறைக்காமல் வருவது. ஆடுவதற்கும் கேட்பதற்கும் அடித்தது. இன்னொன்று, அசலின் லேபிள், எண், நிறம் எல்லாவற்றையும் அப்படியே பார்த்து அடித்துவிட்டு அசல் விலைக்கு விற்பது. முதலாவதை இனம் காண்பதில் கஷ்டம் இல்லை. ஆபத்து இரண்டாவதில்தான்.

அதைப் பிடிக்க, தட்டு பிறக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூடியோவில் பதிவான நாடாவை ஓடவிட்டு, 'லாக்கர்' எனப்படும், மெருகு பூசிய அலுமினிய வட்டில் ஒரு கடைசல் இயந்திரம் பள்ளத்தை வெட்டும். பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒலியில்லாத ஒரு வளையம் மிஞ்சும். 'டெட் வாக்ஸ்' என்பது அதன் பெயர். வெட்டும் பொறியாளர் அந்த வளையத்தில் ஒரு கூரான கருவியால் அந்தப் பக்கத்தின் எண்ணைக் கையால் கீறுவார். மாட்ரிக்ஸ் எண் அதுதான். பிறகு லாக்கருக்கு வெள்ளி பூசி, மின்முலாமில் நிக்கல் ஏற்றி, அதிலிருந்து தாய் அச்சு, தாயிலிருந்து தட்டை அழுத்தும் ஸ்டாம்பர்கள். இத்தனை கை மாறினாலும் அன்று கீறிய எழுத்து ஒரு மயிரிழை பிசகாமல் ஒவ்வொரு தட்டிலும் இறங்கும்.

கள்ளப் பதிப்புக்காரரிடம் பெரும்பாலும் நாடா இருக்காது, ஸ்டாம்பரும் இருக்காது. ஓர் அசல் தட்டை ஓடவிட்டு, அதைப் பதிந்து, புது லாக்கரை வெட்ட வேண்டும். புது லாக்கர் என்றால் புது வளையம், அதில் புதுக் கையெழுத்து. லேபிளைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டுவிடலாம். டெட்ராய்டில் ஒரு பொறியாளர் எழுதிய 7 எப்படி வளைந்திருந்தது என்பதை இன்னொரு கை எழுத முடியாது. அதனால்தான் தேர்ந்த சேகரிப்பாளர் தட்டை வாங்கியதும் லேபிளைப் படிக்க மாட்டார். விளக்குக்கு அடியில் சாய்த்து, வளையத்தில் ஒளி விழும்படி மெல்லச் சுற்றுவார்.

அங்கே கையெழுத்து மட்டும் இருக்காது. நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஸ்டூடியோவில் வெட்டிய தட்டுகளில் அந்தப் பெயர் சிறு முத்திரையாகப் பதிந்திருக்கும். பக்கத்தில் 'எஸ்எஃப்' என்று கீறியிருந்தால் அது சாம் ஃபெல்ட்மன் என்ற பொறியாளரின் கை. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை, ஒரு வட்டத்துக்குள் 'எம்ஆர்' என்று முத்திரையிட்டு, ஒரு முக்கோணம் போட்டு அதன் அருகில் வேலை எண்ணையும் எழுதும். அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை. ஆகவே ஒரு தட்டு எந்த ஆண்டு ஆலைக்கு வந்தது என்பதையே முக்கோண எண்ணை வைத்துக் கணிக்கலாம். மிச்சிகனின் ஒவாசோ என்ற சிற்றூரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரெசிங் ஆலை மோட்டவுனுக்கு ஏராளமாக அடித்துக் கொடுத்தது. அதன் அடையாளம் 'ஏஆர்பி' என்று பின்னிய மூன்றெழுத்து. அந்த ஆலை 1972இல் தீயில் அழிந்துபோனது. அந்த மூன்றெழுத்து ஒரு தட்டில் உண்மையாகவே அழுந்தியிருந்தால், அது பெரும்பாலும் அந்தத் தீக்கு முந்தையதாகத்தான் இருக்கும். ஒரு ஊர் ஆலையின் துயரம் தட்டுக்கு வயதுச் சான்றிதழாகிவிட்டது.

இந்த முத்திரைகளைக் கள்ளர்கள் அறியாமல் இல்லை. முக்கோணத்தைக் கையால் வரைந்து எண்ணை எழுதியவர்களும் உண்டு. உலோக அச்சால் குத்திய குறிக்கு எல்லாக் கோடும் ஒரே ஆழம். ஊசியால் வரைந்த கோடு ஆரம்பத்தில் ஒரு ஆழம், முடிவில் ஒரு ஆழம். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும், வேறு கருவி வேண்டாம்.

அடுத்த சாட்சி, தட்டு எதனால் ஆனது என்பது. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் இந்தச் சிறு தட்டுகளை 45 என்பார்கள். அவை எல்லாமே வினைல் என்று பலர் நினைக்கிறார்கள். 60களின் அமெரிக்க 45களில் ஏராளமானவை ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். வினைலில், சூடான உருண்டையை இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவே லேபிளோடு சேர்த்து நசுக்குவார்கள். லேபிள் தட்டோடு வெந்து ஒன்றாகிவிடும். ஸ்டைரீனில், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சி, தட்டு வெளியே வந்த பிறகு லேபிளை ஒட்டுவார்கள். அதனால் ஸ்டைரீன் தட்டில் லேபிளின் ஓரம் காலப்போக்கில் பெயர்ந்து எழும்பும். வினைலில் அப்படி நடக்காது. ஸ்டைரீன் விறைப்பானது, வளைத்தால் வளையாமல் உடையும். விரல் நகத்தால் தட்டினால் கறாரான ஒலி. வினைலின் ஒலி மந்தமானது.

60களில் மோனார்க் அடித்த 45கள் பொதுவாக ஸ்டைரீன். ஒரு பாட்டு மோனார்க்கில் ஸ்டைரீனில் மட்டும் அடித்தது என்று தெரிந்திருக்கையில் உங்கள் கையில் இருப்பது வளையும் வினைல் என்றால், விவாதம் அங்கேயே முடிந்தது. ஆனால் இதைச் சூத்திரமாக்கிவிடக் கூடாது. ஓரளவு விற்ற பாட்டை மேற்குக் கரையில் ஸ்டைரீனிலும் கிழக்கில் வினைலிலும் ஒரே வாரத்தில் அடித்திருப்பார்கள், இரண்டும் அசல்தான். எந்தப் பாட்டு எந்த ஆலையில் என்ற தகவலை ஒவ்வொரு தட்டாகச் சேர்த்து வைத்திருப்பதுதான் பழைய சேகரிப்பாளர்களின் உண்மையான சொத்து.

ஸ்டைரீனுக்கு இன்னொரு குணம். கனமான ஊசியைத் தாங்காது. வானொலி நிலையத்தில் பாட்டின் முதல் நொடியைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அதிலேயே தொடக்கப் பள்ளம் தேய்ந்து 'ஸ்ஸ்' என்று இரையும். இதைக் 'க்யூ பர்ன்' என்பார்கள். காதுக்கு இது குறை. எனக்கு அது ஒரு வாழ்க்கைக் குறிப்பு: இந்தத் தட்டு ஏதோ ஒரு நிலையத்தில் ஒருவர் விரலில் சுழன்றிருக்கிறது, யாரோ இதை நம்பி ஒலிபரப்பியிருக்கிறார்கள்.

காதால் கண்டுபிடிக்கும் வழியை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரிடம் ஒரு டெட்ராய்ட் தட்டு வாங்கினேன். லேபிள் அச்சு கச்சிதம், மேற்பரப்பு கண்ணாடி போல. ஓடவிட்டதும் ஆரம்ப இசையில் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் கீறலே இல்லை. துடைத்துவிட்டு ஓடவிட்டேன். அதே மூன்று டிக், அதே இடைவெளி. அன்றிரவுதான் உறைத்தது. 45 வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். பள்ளங்களுக்குக் குறுக்கே ஒரு கீறல் ஓடினால் அந்த இடைவெளியில்தான் டிக் கேட்கும். இங்கே கீறல் இருந்தது, ஆனால் என் தட்டில் இல்லை. நகலெடுக்கப் பயன்பட்ட அசல் தட்டில் இருந்திருக்கிறது! யாருடைய தட்டின் காயமோ ஒலியாகி என் தட்டில் அச்சாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குக் கேட்டால் அது பூட். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

காது பழகியபின் மற்றதும் புரியும். நகலில் மேல் சுருதி மழுங்கும். டாம்புரினின் சலங்கை ஒலி கம்பளிக்குள் சுற்றியது போலக் கேட்கும். பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் அமைதியில் இன்னொரு தட்டின் இரைச்சல் திடீரென்று ஆரம்பித்து, பாட்டு ஓய்ந்ததும் திடீரென்று நிற்கும்.

லேபிளைக் கடைசியில் பார்ப்பதே நல்லது என்பேன். ஆனாலும் அதில் விஷயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் லேபிளின் நிறத்தையும் சின்னத்தையும் முதலில் மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர்களை உலோக எழுத்து கோத்து மேலே அச்சிடுவார்கள். அச்செழுத்து தாளில் லேசாக அழுந்தியிருக்கும். நகலில் முழு லேபிளையும் ஒரே படமாக எடுத்து அடிப்பதால், சின்ன எழுத்துகளின் உள்வெளிகள் மையால் அடைந்துபோகும். லென்ஸில் பார்த்தால் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரியும்.

லேபிளில் முகவரி இருந்தால் அதையும் படியுங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் வந்தது 1963 ஜூலையில். 1961இல் வெளியானதாகச் சொல்லும் தட்டின் முகவரியில் ஜிப் எண் இருந்தால் அது பிறகு அடித்தது. இப்படிச் சிக்குவதில் பல கள்ளத் தட்டே அல்ல. லேபிளின் சொந்தக்காரரே, இங்கிலாந்தில் கேட்கிறார்கள் என்று அறிந்து, பழைய ஸ்டாம்பரைத் தேடி எடுத்து மறுபடி அடித்தவை. இவற்றில் கையெழுத்து அதே, முத்திரை அதே. தாளும் மையும் மட்டுமே வேறு. வளையத்தை மட்டும் நம்புபவர் இதில் தடுமாறுவார். இதை எந்தப் பெயரில் அழைப்பது என்று சேகரிப்பாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உரிமையுள்ளவர் அடித்ததைக் கள்ளம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அசல் விலை கேட்டால் கொடுக்கவும் மாட்டேன்.

எது அரிது என்பதும் பாட்டைப் பொறுத்ததில்லை, பதிப்பைப் பொறுத்தது. டாரல் பேங்க்ஸ் 1966இல் டெட்ராய்டின் ரெவிலாட் லேபிளில் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 27ஆம் இடம் வரை போனது. அதனால் அமெரிக்கத் தட்டு தாராளமாகக் கிடைக்கும். பிரிட்டனில் லண்டன் ரெக்கார்ட்ஸ் அதை அடித்தது; உரிமை ஸ்டேட்சைடு லேபிளுக்கு என்றானதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. தப்பிப் பிழைத்த லண்டன் லேபிள் பிரதி ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்கு விற்றது. பாடியவர் 1970இலேயே டெட்ராய்டில் சுடப்பட்டு இறந்திருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. பூட்லெக்கால் பாடகருக்கு ஒரு பைசா போவதில்லை என்று கோபப்படுகிறோம். நியாயமான கோபம். ஆனால் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து அசல் வாங்கும்போதும் அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ ஒன்றும் போவதில்லை. ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குப் பணம் நகர்கிறது, அவ்வளவுதான். பாடியவர் பக்கம் காசு போக ஒரு பாதை, உரிமம் பெற்ற மறுபதிப்பு. 1982இல் பிரிட்டனின் ஏஸ் நிறுவனம் தொடங்கிய கென்ட் லேபிள் அந்தப் பாதையில் போனது. பழைய உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து, ஒப்பந்தம் போட்டு, கிடைத்தால் மூல நாடாவிலிருந்தே எடுத்து வெளியிட்டது. கேட்க ஆசைப்படுபவர் முதலில் அங்கே போகட்டும்.

ஃபிராங்க் வில்சனின் கதையை முடிக்காமல் விட்டேன். 1965இல் மோட்டவுனின் துணை லேபிளான 'சோல்' அந்தப் பாட்டை முன்னோட்டப் பிரதிகளாக அடித்தது. வெளியீடு நின்றது, கிட்டத்தட்ட எல்லாப் பிரதிகளும் அழிக்கப்பட்டன. வில்சன் பாடகராவதை விட்டு மோட்டவுனில் பாட்டெழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார். 70களில் ஒரு பிரதி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பொய்ப் பெயரிலேயே பூட்லெக்கும் வந்தது. ஆக, இந்தப் பாட்டை முதலில் காதலித்தவர்கள் வில்சன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே காதலித்தார்கள். உண்மைப் பெயரோடு மோட்டவுனின் பிரிட்டன் லேபிளான டாம்லா மோட்டவுன் வெளியிட்டது 1979இல்தான். அசலில் இரண்டே பிரதிகள் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2009இல் ஒன்று 25,742 பவுண்டுக்குப் போனது. அதன் பின் 2020இல் ஒரு லட்சம். வில்சன் 2012இல் காலமானார்.

விகன் கசீனோ 1981 டிசம்பர் 6 அன்று மூடியது. கூட்டம் கலைய மறுத்து நின்ற அந்தக் காலையில் கடைசியாகச் சுழன்றது இந்தப் பாட்டுதான். அந்தத் தட்டின் வளையத்தில் என்ன கீறியிருந்தது என்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.